ஒப்புக்கொடுத்தாயிற்று, இனி என்ன? முழு மனதோடும் சந்தோஷத்தோடும் இயேசுவைப் பின்பற்ற ஒரு வழிகாட்டி

ஏப்ரல் நடுவில் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் திருவிழா வந்தால் பர்மா முழுக்க வேலை நின்றுவிடும். ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும். பௌத்த வீட்டுப் பிள்ளைகள் பலர் மடத்துக்குப் போய்ச் சில நாள் துறவியாக இருந்துவிட்டு வருவார்கள். பர்மாவில் இருக்கும் நம் தமிழ்ச் சபைகளில் பலவும் அந்த விடுமுறையில்தான் வாலிபர் முகாம் வைக்கின்றன. யாங்கோனோ பெகுவோ மோல்மேனோ, கடைசி இரவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பாட்டு, செய்தி, அப்புறம் "முழுசா ஒப்புக்கொடுக்கிறவங்க கை தூக்குங்க" என்ற அழைப்பு. கைகள் உயரும், கண்ணீரும் வரும். மே கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும்போது, கை தூக்கினவர்களில் பலரை வாலிபர் கூட்டத்தில் காணோம்.

அந்தக் கண்ணீர் பொய் என்று நான் நினைக்கவில்லை. எதையெல்லாம் விட வேண்டும் என்று ஒரு நீளப் பட்டியலைக் கையில் கொடுத்து அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறோம். எதைக் கண்டதால் விட வேண்டும் என்று சொல்ல மறந்துவிடுகிறோம். பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட முடியும்?

முகாம் முடிந்த பிறகு வரும் சாதாரண நாட்களுக்காகவே இதை எழுதுகிறேன். முகாம் பக்கமே போகாமல், நாற்பது வயதில் ஆராதனையில் உட்கார்ந்து "எனக்கு மட்டும் ஏன் இதில் சந்தோஷமே இல்லை" என்று யோசிக்கிறவருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: விற்பதற்கு முன் பொக்கிஷத்தைப் பாருங்கள்

மத்தேயு 13:44-இல் ஒரே வசனத்தில் முடிந்துவிடும் உவமை ஒன்று இருக்கிறது. நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷத்தை ஒருவன் காண்கிறான். காண்கிறதால் வந்த சந்தோஷத்தில் போய், தனக்குள்ள எல்லாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். வரிசையைக் கவனியுங்கள்: காண்பது, சந்தோஷப்படுவது, அப்புறம் விற்பது. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் எல்லாவற்றையும் விடு, பிறகு ஒருநாள் சந்தோஷம் வரும் என்கிறோம்.

இதே வரிசை வரி வசூலித்த பணக்காரன் சகேயுவின் கதையிலும் இருக்கிறது (லூக்கா 19). பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்கிறான். அதற்கு முன்பே, இயேசுவைப் பார்க்க ஏறின மரத்தைவிட்டு இறங்கி இயேசுவைச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். பணத்தைப் பற்றி இயேசு ஒரு வார்த்தைகூடப் பேசியதாக அந்தக் கதையில் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் மாற்கு 10-இல் வரும் பணக்காரன். அவனிடமும் எல்லாவற்றையும் விற்கத்தான் சொல்லப்பட்டது. உவமையில் வந்தவன் சந்தோஷமாக விற்றான், இவன் துக்கத்தோடு திரும்பிப் போனான். கேட்கப்பட்டது இருவரிடமும் ஒன்றுதான். இவன் கண்ணுக்குச் சொத்து தெரிந்த அளவுக்கு, எதிரே நின்றவர் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்து இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறார். திரும்பிப் போகப்போகிற ஒருவனை அப்படிப் பார்த்திருக்கிறார். நான் பிரசங்கியாக இருந்தால் இந்த ஒரு வரியை வைத்தே ஒரு முழு முகாம் நடத்துவேன்.

அதனால் முதல் மாதம் எதையும் விடுகிற முயற்சியில் இறங்க வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 அதிகாரம். நாளைக்கு அரை அதிகாரம் படித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: இங்கே இயேசு ஒரு மனிதரை எப்படி நடத்துகிறார்? பதிலை ஒரு வரியில் எழுதுங்கள். "குஷ்டரோகியைத் தொட்டார், தொடாமலே சுகமாக்கியிருக்கலாம்" என்கிற மாதிரி. உங்களுக்கு என்ன பாடம், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் இப்போது எழுத வேண்டாம். அவரைப் பார்ப்பதுதான் இந்த மாத வேலை.

எந்த மொழியில் படிப்பது என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் என்கிற நிலைமை இங்கே பல வீடுகளில் உண்டு. தயங்காமல் பர்மிய மொழியில் படியுங்கள். புரியாத பக்கத்தைப் பக்தியோடு புரட்டுவதில் பயனில்லை. ஆராதனையில் வாசிக்கும் பகுதியை மட்டும் தமிழில் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பழகினால் போதும், தமிழும் கூடவே வரும். இன்னொன்று, போனில் உள்ள வேதாகமத்தை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரம் மணிக்கணக்கில் போகிற ஊரில் சார்ஜ் தீர்ந்ததே படிக்காததற்குக் காரணமாகிவிடும். ஒரு காகித வேதாகமமும் மெழுகுவர்த்தியும் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: விலையைக் காகிதத்தில் எழுதுங்கள்

லூக்கா 14-இல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவேதான்.

"என்னையே தருகிறேன்" என்று மேடையில் சொல்வது சுலபம். காகிதத்தில் எழுதும்போதுதான் சிக்கல் தெரியும். பணம், நேரம், பெயர், உறவு என்று நான்கு தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இயேசு உண்மையில் கை வைக்கக்கூடிய ஒன்றை எழுதுங்கள். பணம் என்றால், தாய்லாந்துப் பங்குச் சந்தை எண்ணை வைத்து ஆடுகிற டூ டி சூதாட்டம் இருக்கலாம். தினம் கொஞ்சம்தானே என்று நம் தெருக்களில் எத்தனை வீட்டுப் பணம் அதில் போகிறது! நேரம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கலாம். பெயர் என்றால், வேலையிடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாத உங்கள் விசுவாசம். உறவு என்றால், பேசாமல் இருக்கும் ஒரு சித்தப்பா.

எழுதினதை அன்றைக்கே செய்து முடித்துவிட வேண்டும் என்று இல்லை. மறைக்காமல் எழுதிவிட்டால் இந்தப் படி முடிந்தது.

மூன்றாம் படி: பாதி மனதின் செலவைப் பாருங்கள்

முழு மனதோடு பின்பற்றினால் அதிகம் இழக்க வேண்டியிருக்கும், பாதியோடு நின்றால் சுகமாக இருக்கலாம் என்று பலருக்கு ஒரு நினைப்பு. நடைமுறையில் அது நேர்மாறாக இருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறவருக்கு இரண்டு பக்கத்துச் செலவும் உண்டு, ஒரு பக்கத்து இன்பமும் இல்லை.

சந்தையில் பருப்புக் கடை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீசைக்குக் கொஞ்சம் குறைத்து நிறுக்கிறார், சபையில் காணிக்கையும் தாராளமாகப் போடுகிறார். குறைத்து நிறுத்துச் சம்பாதித்த பணத்தை அனுபவிக்க மனச்சாட்சி விடுவதில்லை. ஆராதனையில் பாட வாய் திறந்தால் தராசு ஞாபகம் வருகிறது. சபையைக் கண்டுகொள்ளாத பக்கத்துக் கடைக்காரர் இவரைவிட நிம்மதியாகத் தூங்குவார்! சபைகளில் முகம் வாடி இருப்பவர்கள் அதிகம் விட்டுக்கொடுத்தவர்கள் என்று நினைக்காதீர்கள். அரைகுறையாக விட்டுக்கொடுத்துவிட்டு மீதியைக் காவல் காப்பவர்கள்தான் அதிகம். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி ஜனங்களைப் பார்த்து எத்தனை நாள் இரண்டு நினைவோடு குந்திக் குந்தி நடப்பீர்கள் என்று கேட்டதும் (1 இராஜாக்கள் 18:21), இரண்டு எஜமான்களுக்கு வேலை செய்ய முடியாது என்று இயேசு சொன்னதும் (மத்தேயு 6:24) இவர்களைப் பார்த்துத்தான்.

இப்போது அந்தக் காகிதத்தை எடுங்கள். நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதை முழுசாக முடியுங்கள். நான்கையும் கால் கால் பங்கு தொடுவதால்தான் சோர்வு வருகிறது. எதைத் தேர்வது என்று குழப்பமாக இருந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சகேயு அங்கேதான் ஆரம்பித்தான்.

திருப்பிக் கொடுப்பதில் சில நடைமுறை உண்டு. முதலில் தொகையைத் தெளிவாக எழுதுங்கள். சரியாக ஞாபகம் இல்லையென்றால் கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள். தபாலிலும் செய்தியிலும் முடிக்காமல் நேரில் போங்கள். நீண்ட சாட்சி சொல்லாதீர்கள். "மாமா, போன வருஷக் கணக்குல நான் உங்களுக்குக் குறைச்சுக் கொடுத்தேன். இது அந்தப் பணம். மன்னிச்சிடுங்க" என்றால் போதும். முழுத் தொகை கையில் இல்லையென்றால் மாதத் தவணை சொல்லுங்கள், சொன்ன தேதியில் போய் நில்லுங்கள். அவர் கோபித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். "நான் இப்ப மாறிட்டேன்" என்று பதில் பேச வேண்டாம். மாறினதா இல்லையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனசில் வரும் லேசான உணர்வு எந்த முகாம் பாட்டிலும் வராது.

நான்காம் படி: காலையைப் பிடியுங்கள்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வரும்போது, பக்கத்து வீட்டு அம்மா அதற்கு முன்பே எழுந்து சோறு வடித்து வைத்திருப்பார். அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அதே நேரத்தில் நமக்கும் ஒரு கால் மணி நேரம் கிடைக்காதா? ஒரு சங்கீதம், மாற்கு முடிந்த பிறகு பிலிப்பியர் நிருபம், நான்கைந்து பேருக்காக ஜெபம். பிலிப்பியர் நான்கே அதிகாரம்தான். சிறையில் இருந்து எழுதின கடிதம், ஆனாலும் சந்தோஷம் என்ற பேச்சு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. தவறவிட்ட நாளை மறுநாள் சேர்த்துப் படித்து ஈடுகட்ட வேண்டாம். அன்றைக்குரியதை அன்றைக்குப் படியுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று பேர் சேருங்கள்

தனியாக முழு மனதோடு இருக்கப் பார்ப்பது வீண் பிடிவாதம் என்பது என் அபிப்பிராயம். மெதடிஸ்ட் சபைக்காரர்களுக்கு இது சொந்த வரலாறு. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் அதை வசூலித்தார். போன இடத்தில் ஆட்களின் உண்மை நிலை தெரியவந்தது. அங்கிருந்துதான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் பிறந்தன. கடன் வசூலில் ஆரம்பித்து ஒருவரையொருவர் விசாரிக்கும் பழக்கமாக மாறிய கதை அது.

நமக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம், மூன்று போதும். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. மூவரில் ஒருவர் மற்ற இருவரையும்விடப் பத்து வயதாவது மூத்தவராக இருந்தால் நல்லது. டீக்கடை வேண்டாம், அங்கே பக்கத்து மேஜைக்கும் காது உண்டு. யாராவது ஒருவர் வீட்டில், வாரம் ஒரு மணி நேரம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த வாரம் கடவுளை எங்கே நன்றியோடு நினைத்தாய்? எங்கே தடுக்கினாய்? போன வாரம் செய்வேன் என்றதைச் செய்தாயா?

வயதில் சின்னவர் பெரியவரைக் கேட்பதற்கு நம் பழக்கம் இடம் தராது. அதனால் பெரியவரே வழி திறந்துவிட வேண்டும். "தம்பி, முதல்ல என்னைக் கேளு" என்று அவர் சொல்லிவிட்டால், "சரிண்ணே, அந்தக் கடன் விஷயம் என்ன ஆச்சு?" என்று தம்பிக்கும் வாய் வரும். பேசினது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போதகர் வீட்டுக்கும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் போகக் கூடாது! நம் சபைகளில் வம்பு பெரும்பாலும் ஜெபக்குறிப்பு வேஷத்தில்தான் நடமாடுகிறது.

ஆறாம் படி: யாரும் பார்க்காத ஒரு வேலை

மேடையில் பாடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாம் நல்லதுதான். அதோடு கூட, யாரும் கைதட்டாத ஒரு வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட வீடுகளில் தாத்தா பாட்டிகள் தனியாக இருக்கிறார்கள். கண் தெரியாத பாட்டிக்கு வாரம் ஒருநாள் தமிழ் வேதாகமம் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அவர் பொறுத்துக்கொள்வார், தவறைத் திருத்தியும் விடுவார். நம் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் வந்தது இப்படித்தான்.

லூக்கா 10-இல், ஊழியத்துக்குப் போன எழுபது பேர் பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று குதித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார் இயேசு. ஊழியத்தின் பலனில் சந்தோஷத்தைக் கட்டி வைத்தால், பலன் தெரியாத மாதத்தில் அதுவும் போய்விடும். பாட்டிக்கு வாசிக்கிற வேலையில் பலன் என்று எண்ணிக் காட்ட எதுவும் இருக்காது. அதனால்தான் அது நல்ல பயிற்சி.

ஏழாம் படி: சந்தோஷம் வற்றிப்போனால்

கட்டாயம் ஒருநாள் வற்றும். அப்போது "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைக் காட்டி ஒருவரையும் அதட்டாதீர்கள். சாட்சி நேரத்தில் சிரித்த முகத்தைக் கட்டாயமாக்கும் சபைகள் மனிதர்களை நடிக்கப் பழக்குகின்றன.

இந்த நாட்டில் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த பெயர் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன். 1813 ஜூலையில் மனைவி ஆனோடு ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், வந்து இறங்கினார். முதல் பர்மியர் மவுங் நா ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். நடுவில் ஆறு வருடம். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் வந்தபோது அப்போதைய தலைநகர் ஆவாவில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அவர் மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து அவரிடம் கொடுத்தார். கைதிகளை வேறிடத்துக்கு மாற்றின நாளில் தலையணையை யாரோ தூக்கி எறிந்துவிட்டார்கள். மவுங் இங் என்ற சீஷர் உள்ளே இருப்பது தெரியாமலே அதை நினைவாக எடுத்து வைத்துக்கொண்டார். பிரதி பிழைத்தது அப்படி.

பலரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், சில மாதத்தில் குழந்தையும் போயிற்று. ஜட்சன் காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். தன் கையாலேயே ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவை நினைத்துக்கொண்டிருந்தார். கடவுள் இருக்கிறார் என்று தெரிந்தும் அவரைக் காண முடியாத நிலை. மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1834 ஜனவரி 31-இல் முடித்தார். அவருடைய மொழிபெயர்ப்பைத்தான் பர்மியச் சபைகள் பல இன்றும் வாசிக்கின்றன. இப்பேர்ப்பட்ட ஒருவருக்கே அப்படி நேர்ந்தது என்றால், மூன்று வாரமாக ஜெபிக்க வராத நீங்கள் உங்களை விசுவாசத்திலிருந்து பின்வாங்கினவர் என்று சொல்லிக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

வறண்ட நாட்களில் செய்ய வேண்டியவை சின்னவைதான். எலியா சூரைச்செடியின் கீழ் சாகட்டும் என்று படுத்தபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், அவரைத் தூங்க விட்டான், மறுபடி எழுப்பி மறுபடியும் சாப்பாடு கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). ஆகவே முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். உங்கள் மூவர் குழுவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தை அப்படியே ஜெபமாகச் சொல்லுங்கள். 42-உம் 88-உம் இதற்கென்றே இருக்கின்றன. பாட்டிக்கு வாசிக்கப் போவதை நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். உபவாச ஜெபம் அதற்குப் பதிலாகாது.

சொந்தக்காரர்கள் நடுவில்

இது தனிப் படி அல்ல, எல்லாப் படியிலும் கூடவே வரும் விஷயம். நம்மில் பலருக்குப் பெரியப்பா வீடு, அத்தை வீடு எல்லாம் மாரியம்மன் கோவிலுக்குப் போகிற வீடுகள். புதிதாக ஒப்புக்கொடுத்தவர்கள் செய்யும் முதல் காரியம் காதுகுத்துக்குப் போகாமல் இருப்பது. அது வைராக்கியம் போலத் தெரியும். வீட்டுக்காரர்களுக்கோ அவமானம் மட்டும்தான் தெரியும்.

போங்கள், சீக்கிரமே போங்கள். அடுப்படியில் வெங்காயம் உரியுங்கள், பந்தியில் பரிமாறுங்கள், கடைசியில் இலை எடுங்கள். பூஜையில் கலந்துகொள்வதில்லை என்றால் அதை முந்தின வாரமே தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்: "அத்தை, பூஜை நேரத்துல மட்டும் நான் தள்ளி நிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வேலை எதுன்னாலும் சொல்லுங்க." படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு 1 கொரிந்தியர் 8-லிருந்து 10 வரை படித்துவிட்டு உங்கள் போதகரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், பந்தியில் வைத்து வாதம் பண்ண வேண்டாம். நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்லியிருக்கிறது (1 பேதுரு 3:15). அந்த வசனத்தில் முதலில் கேட்பது அவர்கள். கேட்கத் தோன்றும் அளவுக்கு நம் முகத்தில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

வெளிநாடு போகிறவர்களுக்கு

இன்றைக்கு இங்கிருக்கும் வாலிபர்களில் பலர் தாய்லாந்து, மலேசியா என்று கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். விசுவாசம் அதிகம் கரைவது போய்ச் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில்தான் என்பது நான் பார்த்தது. ஏஜென்ட் கடன், பன்னிரண்டு மணி நேர வேலை, ஒரே அறையில் எட்டுப் பேர். "கொஞ்சம் செட்டில் ஆனதும் சபைக்குப் போகலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் அநேகமாகப் போகவே இல்லை.

கிளம்பும் முன்பே போகிற ஊரில் சபை எது என்று விசாரித்து வையுங்கள். மலேசியாவில் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் பல ஊர்களில் இருக்கின்றன. பாங்காக்கில் பர்மிய மொழி ஆராதனைகள் உண்டு. உங்கள் போதகரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு லீவு கிடைக்காவிட்டால் சபையின் போன் எண்ணையாவது தேடி ஒருமுறை பேசுங்கள். காகித வேதாகமத்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் அது அடியிலேயே கிடக்கும். உங்கள் மூவர் குழுவில் ஊரில் இருக்கும் மற்ற இருவரும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று பேசி முடிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். பர்மாவை விட மலேசிய நேரம் ஒன்றரை மணி முன்னே, தாய்லாந்து நேரம் அரை மணி முன்னே இருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.